படத்துக்காக ஊதிய சங்கு

"அந்த ஜனங்க எப்படி சார் இவ்வளவு இயல்பா நடிச்சாங்க?"

கேட்டது ஒரு கல்லூரி மாணவி. மதுரையில் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் ஒரு திரைப்படக் கழகத்தில், போன மாதம் பழைய பிரிட்டிஷ் ஆவணப் படங்கள் சிலவற்றைப் போட்டார்கள். அந்த நாடு வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்தபோதும், பிறகு யுத்தத்தில் அதன் ஊர்கள் மேல் குண்டு விழுந்தபோதும் எடுத்த படங்கள். நான் அரசாங்க ஆவணப்பட யூனிட் ஒன்றில் ஒலிப்பதிவாளனாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அதனால் படம் முடிந்ததும் நாலு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நடிச்சாங்கன்னு உனக்கு யாரும்மா சொன்னது?" என்று மைக்கிலேயே எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "ஒங்க வாய்க்கு மைக்கு வேற குடுத்தா வேற என்ன நடக்கும்?" என்றாள். அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் எனக்குள் கிடந்து அரித்த கேள்விதான் அது. மேடையில் அரைகுறையாக உளறிவிட்டு வந்ததை இங்கே ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் படங்களைப் பற்றி. நான் அவற்றைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்ததுதான் அதிகம். திண்டாட்ட காலத்துப் படங்களில் வேலை போன ஆண்கள் தெருமுனையில் நிற்பார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விடுவார்கள், எடுப்பார்கள், மறுபடி விடுவார்கள். ஓதம் ஏறிய சுவரின் முன்னால் ஒரு பெண் விறைத்துப்போய் நின்று, எலித் தொல்லையைப் பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒப்பிப்பதுபோலச் சொல்வாள். அதற்கு முன்னால் அந்த ஊர் சினிமாவில் ஏழை என்றால் ஒன்று வேலைக்காரன், இல்லையென்றால் கோமாளி. காமிராவுக்கு நேராக நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" என்று அவர்களைக் கேட்டவர்கள் இவர்கள்தான். அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன்.

யுத்தம் வந்ததும் அதே தெரு, அதே ஜனங்கள். ஆனால் இப்போது யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. வீடு இடிந்து கிடக்கும், வீட்டுக்காரி வாசற்படியைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் கூடிப் பாடுவார்கள். தீயணைத்துவிட்டு வந்து கரி முகத்தோடு டீ குடிப்பார்கள். ஒருத்தர்கூட அழ மாட்டார். அழுதவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? வெட்டிய பிலிமோடு பிலிமாக எடிட்டிங் மேசைக்கு அடியில் கிடந்திருப்பார்கள். இன்னொன்று, அந்தத் தொழிலாளிகளின் வாய் அசையும், சத்தம் வராது. பெரிய படிப்புப் படித்த ஒரு கனவான் குரல் மேலே இருந்து, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். நான் முதல் தடவை பார்த்தபோதே, 'இந்த ஆளைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்கப்பா' என்று தோன்றியது.

பயிற்சி முடிந்து நான் சேர்ந்த யூனிட்டில் எனக்கு மேலே இருந்தவர் வரதன் சார். டைரக்டர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேபிள் சுருட்டினேன், திட்டு வாங்கினேன், மறுபடி கேபிள் சுருட்டினேன். எனக்குத் தொழில் தெரியவந்தது வரதன் சாருக்குப் பக்கத்தில் நின்ற பிறகுதான். இளவயதில் இந்தப் பிரிட்டிஷ் படங்களை எடுத்தவர்களிடமே வேலை கற்ற ஒருவரிடம் அவர் உதவியாளராக இருந்திருக்கிறார். அந்தப் படங்கள் அவருக்கு வேதம். வெள்ளை முழுக்கைச் சட்டை, சத்தமே போடாத பேச்சு. துப்புரவுத் தொழிலாளியையும் 'நீங்க' என்பார். படம் எடுக்கப்போகிற வீடு குடிசையாக இருந்தாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார். நாங்கள் மறந்து செருப்போடு உள்ளே போய்விட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். எங்கள் காலைப் பார்ப்பார். அது போதும், நாங்கள் வெளியே ஓடிவிடுவோம்.

அவருடைய வேலை முறையைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். முதல் நாள் காமிராவே வராது. கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருப்பார். மறுநாள் காமிரா வரும், உள்ளே பிலிம் இருக்காது. வெறும் காமிராவை ஓட்டச் சொல்வார். வீட்டுக்காரர்கள் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அது பாட்டுக்குக் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த அலுப்பு வந்த பிறகுதான் பிலிம் ஏறும். அதற்கும் பிறகு, தினமும் செய்கிறதையே, "இன்னொரு தடவை செய்ய முடியுமாங்க?" என்று கேட்பார். மாவு ஆட்டுவதை இன்னொரு தடவை. வேலைக்குக் கிளம்புவதை இன்னொரு தடவை. நிஜ ஆள், நிஜ வேலை, ஆனால் நமக்காக மறுபடி செய்வது. இதெல்லாம் அந்த வெள்ளைக்காரப் படங்களில் இருந்து வந்ததுதான். அவர்களுடைய சில வீடுகளே ஸ்டுடியோவுக்குள் பலகை அடித்துக் கட்டியவை என்று அவரே சொல்லியிருக்கிறார். "வீடு பொய்யா இருக்கலாம், அதுல வாழற ஆள் பொய்யா இருக்கக் கூடாது" என்பார். எனக்கு அது அப்போது பெரிய தத்துவமாகப் பட்டது.

இன்னொரு விதியும் அவருக்கு இருந்தது. யார் அழுதாலும் காமிராவை நிறுத்திவிடுவார். அழுகிறவர்களைப் படம் எடுப்பது அவர்கள் மடியில் கை விடுவதைப்போல என்பது அவர் கட்சி. அவர் நல்ல மனிதர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பஞ்சாலை. பெயர் வேண்டாம். நஷ்டம் என்று சொல்லிப் பூட்டிவிட்டார்கள். வேலை பார்த்தவர்களில் பலர் மேற்கே வானம் பார்த்த பூமியில் விவசாயத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். திரும்பிப் போக அங்கேயும் ஒன்றும் இல்லை. மில்லை ஒட்டியிருந்த குவாட்டர்ஸிலேயே, இன்றைக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும் என்று கிடந்தார்கள். ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி ஒரு படம் எடுக்க எங்களை அங்கே அனுப்பினார்கள். நம்பிக்கையோடு முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

வரதன் சார் தேர்ந்தெடுத்த குடும்பம் சின்னமாயனுடையது. நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவர். வயது முப்பதுக்குள். நல்ல உயரம், வாயாடி. மனைவி பேச்சியம்மாள், கைக்குழந்தையாக ஒரு மகள். நானும் மதுரைக்காரன் என்று தெரிந்ததும் சின்னமாயன் என்னை அண்ணே, அண்ணே என்று ஒட்டிக்கொண்டார். படப்பிடிப்புக்கு நாற்காலி இரவல் வாங்கி வருவதிலிருந்து, பக்கத்து வீட்டு ரேடியோவை அணைக்கச் சொல்வது வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு.

ஒவ்வோர் இடத்திலும் வேலை முடிந்த பிறகு, யாரையும் பேசவிடாமல், அசையவிடாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்வேன். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அது தேவைப்படும். பேச்சியம்மாளுக்கு அது பெரிய வேடிக்கை.

"எல்லாரும் சும்மா இருக்கோம். இதுல என்னத்தண்ணே பிடிக்கிறீக?"

"சும்மா இருக்குறதத்தான் பிடிக்கிறேன்."

"அப்ப எங்க வீட்ல நெறையாக் கெடக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க. இவுகளே ஒரு வருசமாச் சும்மாத்தான இருக்காக."

சின்னமாயன் சிரித்துவிட, அந்தப் பதிவு கெட்டுப்போனது. மறுபடி எடுத்தேன்.

சீக்கிரமே குவாட்டர்ஸ் பூராவும் ஒரு பேச்சு ஓடத் தொடங்கியது. அரசாங்கப் படம் என்றால் ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தியேட்டரில் சினிமாவுக்கு முன்னால் போடுகிற படம். அதில் என்ன வரும்? பாலம் திறப்பார்கள், அணை திறப்பார்கள், ஆஸ்பத்திரி திறப்பார்கள். ஆகவே அரசாங்கக் காமிரா ஓர் இடத்துக்கு வந்தால் அங்கே ஏதோ திறக்கப் போகிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கைப் போட்டது சின்னமாயன்தான். டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியும்விட்டார். வரதன் சாருக்குத் தகவல் போனதும், அவர் நேரே டீக்கடைக்கே போய், "எங்களுக்கும் மில் திறக்கறதுக்கும் சம்பந்தம் இல்லைங்க" என்று கையைக் கூப்பிச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு பெரியவர், "மேலிடத்து விசயம். வெளிய சொல்வாகளா?" என்றார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். நானும் இல்லை என்று சொன்னேன். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள்.

கடைசி நாள் மில்லுக்குள் படப்பிடிப்பு. நிர்வாகத்து ஆள் ஒருவர் பூட்டைத் திறந்துவிட்டார். அன்றைய படப்பிடிப்பில் குவாட்டர்ஸ் ஆட்கள் யாருக்கும் வேலை இல்லை, சின்னமாயனுக்கும்தான். தூசு படிந்த இயந்திரங்களை எடுத்தோம். முடித்துவிட்டு வெளியே வந்தபோது வரதன் சார் மேலே பார்த்தார். கூரையில், ஷிப்டுக்கு ஆட்களைக் கூப்பிட ஊதுகிற சங்கு இருந்தது. படத்தின் முடிவுக்கு அந்தச் சத்தம் வேண்டும் என்றார். ஆபீசுக்கு மட்டும் மின்சார இணைப்பு விட்டுவைத்திருந்ததால் சங்கு வேலை செய்யும் என்று வாட்ச்மேன் சொன்னார்.

"சார், குவாட்டர்ஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊதலாம்" என்றேன்.

"சொன்னா வேடிக்கை பார்க்க வந்துடுவாங்க. கூட்டத்துச் சத்தம் விழும். உங்களுக்குத்தான் சுத்தமா வேணுமே?"

"மில் திறக்கப்போகுதுன்னு பேச்சு வேற ஓடிக்கிட்டு இருக்கு சார். தப்பா எடுத்துக்குவாங்க."

"ஷிப்ட் நேரம்கூட இல்லையே இப்போ. பொழுது சாயப்போகுது. யாரு வரப்போறாங்க?"

சொல்லிவிட்டு அவரும் காமிராமேனும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார்கள். மில்லும் குவாட்டர்ஸும் தூரத்தில் கீழக்குயில்குடி மலையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் அவருக்கு. நான் கேட்டுக்கு உள்பக்கம் வேப்பமரத்தடியில் மைக்கை நிறுத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினேன். வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டார்.

ஒரு வருஷமாக ஊதாத சங்கு. முதலில் செருமியது. பிறகு ஏறி, ஏறி, ஊரையே நிறைத்தது. நல்ல பதிவு. நின்ற பிறகும் அதன் வால் காற்றில் தேயும்வரை ரிக்கார்டரை நிறுத்தாமல் காத்திருந்தேன். தேய்ந்ததும் ஹெட்போனில் நாய் ஒன்று குரைப்பது கேட்டது. அதற்குப் பிறகு கால்கள். நிறையக் கால்கள். செருப்பில்லாத கால்களும் இருந்தன என்பது மண்ணில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

எங்கள் வேன் வர வேண்டும் என்று கேட்டின் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியே பார்த்தேன். தெரு முழுக்க ஆட்கள் ஓடி வருகிறார்கள். வேலைக்குப் போடுகிற காக்கி டவுசரை மாட்டிக்கொண்டு ஒருவர், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர், பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு ஒருவர். எல்லோருக்கும் முன்னால் சின்னமாயன். கையில் தூக்குவாளி. அடுப்புப் பற்றவைக்காத நேரத்தில் பேச்சியம்மாள் அதில் எதைப் போட்டுக் கொடுத்தாளோ, எனக்குத் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். இடையிடையே திரும்பிப் பின்னால் வருகிறவர்களைக் கை வீசிக் கூப்பிட்டார். "வாங்கடா! ஊதிட்டான்டா! நான் சொன்னேன்ல, சொன்னேன்லடா!"

நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். காமிரா மெதுவாகத் திரும்பி அவர்களோடு வந்துகொண்டிருந்தது. வரதன் சாரின் கை காமிராமேன் தோளில் இருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் அழவில்லை அல்லவா, அவருடைய விதியில் அதற்கு இடம் இருந்தது.

கேட்டுக்குள் வந்தவர்கள் என்னையும் மைக்கையும் பார்த்து நின்றார்கள். சின்னமாயனுக்கு மூச்சு வாங்கியது.

"எந்த ஷிப்ட்டுண்ணே மொதல்ல எடுக்குறாக?"

நான் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினேன். வரதன் சார் தொட்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "மன்னிக்கணும், மன்னிக்கணும். படத்துக்காக ஊதினது. சத்தம் பிடிக்கறதுக்காக" என்று ஒவ்வொருவரிடமாகக் கையைக் கூப்பினார். எங்களை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. வயதான ஒருவர் மட்டும், "அப்ப நாளைக்கா சாமி?" என்று கேட்டார். இல்லை என்று திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கூட்டம் சின்னமாயன் பக்கம் திரும்பியது.

"ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றான் ஒருவன். "ஒன் வீட்லதான காப்பி குடிச்சுக்கிட்டுக் கெடந்தாக?"

"சத்தியமாத் தெரியாதுடா."

"நல்லா நடிச்ச மாப்ள. நீ முன்னால ஓடுறதுக்கு, நாங்க பின்னால ஓடுறதுக்கு. எம்புட்டுக் குடுத்தாக?"

"அண்ணே, சொல்லுங்கண்ணே. சார், நீங்க சொல்லுங்க சார், எனக்குத் தெரியாதுன்னு."

சொன்னோம். வரதன் சாரும் சொன்னார், நானும் சத்தியம் செய்தேன். டீக்கடையில் உண்மையைச் சொன்னபோதே நம்பாதவர்கள், இப்போதா நம்புவார்கள்? ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். சின்னமாயன் அவர்கள் பின்னாலேயே போய்ப் பேசிப் பார்த்தார். யாரும் நின்று கேட்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தார். கண் சிவந்திருந்தது. குடித்திருக்கவில்லை, தூங்கியிருக்கவில்லை.

"சார், ரெண்டுல ஒண்ணு செய்யுங்க. நாங்க ஓடி வந்தத அந்தப் படத்துல போடாதீக. இல்ல, போடுறதா இருந்தா, இது பொய்ச் சங்கு, இந்தாளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு படத்துலயே சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் இந்த ஆளுக கூடத்தான் இருந்தாகணும்."

"யோசிக்கறேன், கண்டிப்பா யோசிக்கறேன்" என்றார் வரதன் சார். சின்னமாயனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் யோசிக்கவும் செய்தார், அதில் சந்தேகமில்லை.

சென்னையில் எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியை முதல் தடவை போட்டுப் பார்த்ததுமே, மறுபடி ஓட்டச் சொன்னார் வரதன் சார். சின்னமாயனின் முகம் அப்படி. எத்தனையோ வருடம் படம் எடுத்திருக்கிறோம், அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் காமிரா கண்டதே இல்லை. வரதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதை வெட்டச் சொல்றீங்களா என்னை?"

"அவர் கேட்டாரே சார்."

"திண்டாட்டத்திலயும் யுத்தத்திலயும் அவங்க எடுத்த படங்கள்ல நாம தேடித் தேடிப் பார்ப்போமே, அந்த முகம் இது. ஒரு தொழிலாளிக்கு வேலைன்னா என்னன்னு இதைவிட எவன் காட்ட முடியும்?"

"அப்ப வர்ணனையில ஒரு வரி சேர்த்துருங்க சார். சங்கு நாம ஊதினதுன்னு."

அந்த வரியை அவர் எழுதினார். என் கண் முன்னால் எழுதி, படத்தை ஓடவிட்டு, வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டார். "இப்படிச் சொன்னா இது நம்மளைப் பத்தின படமாப் போயிடும். அவங்களைப் பத்தின படமா இருக்காது" என்றார்.

நான் கத்தினேன். அவரிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "அந்த ஆளு பேரு கெட்டுப் போகுது சார்! ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாமதான் சொல்லணும்!" அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "வெளியே போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தபோது அந்தக் காட்சி படத்தின் கடைசியில் ஒட்டப்பட்டிருந்தது. சங்கு ஒலித்தது, ஜனங்கள் ஓடி வந்தார்கள், பின்னணியில் வயலின். மேலே ஒரு கனமான குரல், உழைக்கும் கரங்கள் உற்சாகத்தோடு விரைகின்றன என்றது. அவர்கள் கேட்டுக்கு வந்து சேருவதற்கு முன்னால் படம் முடிந்துவிடும். சின்னமாயன் கத்தியது எதுவும் கேட்காது. அவர் எங்களிடம் மணிக்கணக்காகச் சொன்ன கதையில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

அந்தப் படத்துக்கு மேலிடத்தில் நல்ல பெயர். நான் மாற்றல் கேட்டு வேறு டைரக்டரிடம் போனேன். வரதன் சார் பிற்பாடு காலமானார் என்று கேள்விப்பட்டபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சாவுக்குப் போகவில்லை.

மதுரையில் ஒரு தியேட்டரில், ஏதோ ஒரு பெரிய நடிகர் படத்துக்கு முன்னால், எங்கள் படம் ஓடியது. குவாட்டர்ஸ் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். சின்னமாயன் திரையில் வந்ததும் விசிலடித்து, "ஏ, நடிகரு வாராருடா!" என்று கத்தினார்களாம். அந்தப் பெயர் நின்றுவிட்டது. மில் திறக்கவே இல்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அந்த மனிதருக்குக் கூடப் பிறந்ததுபோல இருந்த ஆட்களும் இல்லாமல் போனார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள் என்று பின்னால் அங்கே போனபோது சொன்னார்கள். அவர் குடும்பத்தோடு வேறு எங்கோ போய்விட்டிருந்தார்.

பல வருடம் கழித்து ஒரு தடவை பார்த்தேன். சிறுதொழில் பற்றி ஒரு படத்துக்காகக் கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தோம். காமிராவை இறக்கியதும் ஓர் ஆள் மட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டார். உயரத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கிட்டே போய், "தம்பி, நான்தான்" என்றேன். திரும்பவில்லை. "என்னய எடுக்காதீகண்ணே" என்றார், அவ்வளவுதான். அவரை விட்டுவிட்டு எடுக்கச் சொன்னேன். அன்றைக்கு இருந்த டைரக்டர், பரவாயில்லை, கேட்டுக்கொண்டார்.

இந்தக் கதையில் பாதியைத்தான் அன்றைக்கு மேடையில் சொன்னேன். பிள்ளைகள் அதோடு விடவில்லை. எங்கள் படத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் கத்தரித்து, என் பெயரையும் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். 'என்ன ஒரு நிஜம்!' என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

போன வாரம் கே.கே. நகரில் என் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நர்ஸ் உடுப்பில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். இங்கே பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் வேலை என்றாள். பெயர் செல்வி.

"சின்னமாயன் மக சார் நான்."

உட்காரச் சொன்னேன். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது, அம்மாவும் இல்லை என்றாள். என் மனைவி கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்து அந்தக் காட்சியைக் காட்டினாள்.

"எங்கப்பா சிரிச்சு நான் பாத்ததில்ல சார். இதுலதான் பாக்குறேன். எங்க வீட்ல சினிமான்னு பேசவே கூடாது. பள்ளிக்கூடத்துல நாடகத்துல சேந்துட்டேன்னு ஒரு தடவ என்னய அடிச்சாரு. என் வாழ்க்கையில அன்னைக்கு மட்டுந்தான் அடிச்சாரு. குவாட்டர்ஸ் ஆளுக எங்க பாத்தாலும் என்னய நடிகரு மகம்பாக. அம்மாட்டக் கேட்டா அழும். நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன், காசு வாங்கிட்டு நடிச்சு அம்புட்டுப் பேரையும் ஏமாத்திட்டாருன்னு. அந்தக் கோவத்துலயே அவர்ட்ட சரியாப் பேசாம இருந்துட்டேன் சார், கடைசி வரைக்கும்." போனை மடியில் வைத்தாள். "இதக் கேக்கத்தான் வந்தேன். எங்கப்பா நடிச்சாரா, இல்லையா?"

இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் நேராகக் கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருடம் காத்திருந்தேன்! எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடைப் பேச்சு, சங்கு, தூக்குவாளி, கேட்டுக்குள் வந்து அவர் கேட்டது, மறுநாள் காலை வேனுக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சியது, ஒன்று விடாமல்.

"உங்கப்பா நடிக்கலம்மா. மில்லு தெறந்துருச்சுன்னு நெசமாவே நம்பித்தான் ஓடி வந்தாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். எனக்கே நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது. செல்வி மறுபடி போனைக் கையில் எடுத்தாள். போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டாள். சின்னமாயன் தூக்குவாளியோடு சிரித்துக்கொண்டே ஓடி வந்தார், திரும்பிக் கையை வீசி எல்லோரையும் கூப்பிட்டார்.

"நடிச்சிருந்தா நல்லாருந்துருக்கும் சார்" என்றாள். "அந்தச் சங்கு பொய்யின்னு அவருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்ல."